மைக் உங்கள் பக்கம் வரும்போது: சென்னையில் அறிவியல் சொற்பொழிவு கேட்கப் போகிறவர்களுக்கு

முதலில் வாசல் பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டியதில்லை, ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் எடுத்திருக்கக்கூட வேண்டியதில்லை. அழைப்பிதழில் ‘அனைவரும் வருக’ என்று போட்டிருந்தால் அந்த அனைவரில் நீங்களும் உண்டு. நான் தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். பத்து வருடத்துக்கு மேலாக இப்படிப் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன், இதுவரை யாரும் ‘உனக்கு இங்கே என்ன வேலை’ என்று கேட்டதில்லை. அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள், அது வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அழைப்பிதழில் என்ன பெயர் போட்டிருக்கிறது?

நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். முதல் தடவை ஓர் ஆய்வு நிறுவனத்தின் அறிவிப்பில் ‘கருந்துளை’ என்ற சொல்லைப் பார்த்த சந்தோஷத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அறையில் மொத்தம் பதினெட்டுப் பேர். பேச்சாளர் இரண்டாவது ஸ்லைடிலேயே ஒரு சமன்பாட்டைப் போட்டு, இது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அப்புறம் ஐம்பது நிமிடமும் கதவு எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு பேச்சாளருக்குப் பின்னால் இருந்தது.

அது செமினார். செமினார் என்றால் அந்தத் துறைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. நம்மைத் தடுக்க மாட்டார்கள், ஆனால் நமக்காகப் பேசவும் மாட்டார்கள். கொலோக்கியம் என்று போட்டிருந்தால் அதைவிடக் கொஞ்சம் அகலமானது: இயற்பியல் துறை முழுவதற்கும் புரியும்படி பேச வேண்டும் என்பது எதிர்பார்ப்பு, அதாவது எம்.எஸ்சி. மாணவர் அளவுக்கு. பொதுச் சொற்பொழிவு, பப்ளிக் லெக்சர் என்று இருந்தால்தான் அது நமக்கானது. இவை தவிர நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது, அறக்கட்டளைச் சொற்பொழிவு. யாரோ ஒரு பேராசிரியர் நினைவாகக் குடும்பத்தாரோ மாணவர்களோ போட்டுவைத்த பணத்தின் வட்டியில் வருடாவருடம் நடப்பது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது என்பதால் இப்படிப்பட்ட அறக்கட்டளைகளுக்குக் குறைவில்லை. இதில் தரம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில வருடம் பிரமாதமாக இருக்கும், சில வருடம் வாழ்த்துரைகளே முக்கால் மணி நேரம் ஓடும்.

சிம்போசியம், கருத்தரங்கு என்பதெல்லாம் ஒரு நாள் முழுக்கவோ இரண்டு மூன்று நாளோ நடக்கும் பெரிய சமாச்சாரம். முதல் தடவையே அதற்குப் போகாதீர்கள். நாலைந்து பொதுச் சொற்பொழிவு கேட்ட பிறகு போகலாம்.

எங்கே, எப்போது

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். சர்தார் படேல் சாலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், தோல் ஆராய்ச்சி நிறுவனம், கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் தெற்கே தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். பழைய ஆட்கள் அதை இன்னமும் மேட்சயன்ஸ் என்றுதான் சொல்வார்கள். அதே வட்டாரத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இந்திரா நகரிலோ திருவான்மியூரிலோ பறக்கும் ரயிலில் இறங்கினால் ஆட்டோவுக்குச் சில நிமிடம்தான்.

ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் போக முடியும் என்றால் கணித அறிவியல் நிறுவனம் மியூசிக் அகாடமியில் நடத்தும் ‘சயன்ஸ் அட் த சபா’வைத்தான் சொல்வேன். 2016இல் தொடங்கியது. கச்சேரி நடக்கிற அதே மேடையில் ஞாயிற்றுக்கிழமை நாலு விஞ்ஞானிகள் வெவ்வேறு துறையிலிருந்து வந்து ஆளுக்கு ஒரு பேச்சு. புதிதாக வருகிறவருக்கு நாலில் ஒன்றாவது பிடித்துவிடும். பேச்சாளர்களுக்கும் எதிரே உட்கார்ந்திருப்பது துறைக்காரர்கள் இல்லை என்று தெரியும், அதனால் தயாராகி வருவார்கள்.

சீசன் என்று பார்த்தால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. வெளிநாட்டில் வேலை செய்கிற நம் ஊர் ஆராய்ச்சியாளர்கள் மார்கழியில் ஊருக்கு வருவார்கள், வந்தவர்களைப் பிடித்து ஒரு பேச்சு பேச வைத்துவிடுவார்கள். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள் என்பதால் கணிதச் சொற்பொழிவுகள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், ராமன் விளைவு 1928இல் அறியப்பட்ட நாள். அதையொட்டிய வாரத்தில் ஒரே நாளில் மூன்று இடத்தில் மூன்று பேச்சு என்று வந்து நம்மைத் திண்டாட வைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வறட்சி.

அறிவிப்புகளைத் தேடுவதற்கு நல்ல வழி, நிறுவனங்களின் இணையதளத்தில் நிகழ்வுகள் பக்கத்தை வாரம் ஒரு முறை திறந்து பார்ப்பது. மின்னஞ்சல் பட்டியல் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். பேப்பரில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியிலும் வரும், ஆனால் அன்று காலையில்தான் வரும், நமக்கு லீவு சொல்ல நேரம் இருக்காது.

வாசலைத் தாண்டுவது

ஆதார், ஓட்டுநர் உரிமம், ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். அழைப்பிதழை மொபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். காவலாளியிடம் ‘சயன்ஸ் லெக்சர் கேட்க வந்தேன்’ என்றால் அவருக்குப் புரியாது. எந்த அரங்கம், எத்தனை மணி என்று சொல்லிப் படத்தைக் காட்டினால் உடனே விட்டுவிடுவார். ஒரு தடவை ஓரிடத்தில் என்னிடம் அழைப்பிதழும் இல்லை, அரங்கின் பெயரும் தெரியவில்லை. இருபது நிமிடம் வாசலில் நின்று, உள்ளே இருந்து வந்த ஒரு மாணவி பரிதாபப்பட்டு அழைத்துப் போனார். தப்பு என்னுடையதுதான்.

ஐஐடி என்றால் கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிரதான வாசலிலிருந்து வளாகத்துக்குள் இருக்கும் கஜேந்திர சர்க்கிளுக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். உள்ளே பஸ் ஓடுகிறது, ஆனால் நீங்கள் போகும் நேரத்துக்கு வர வேண்டும் என்று அதற்குக் கட்டாயமில்லை. நடந்தால் புள்ளிமான் பார்க்கலாம். கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வு நிறுவனங்களில் நாலு மணி என்றால் நாலு மணி. நாலு ஐந்துக்குப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கல்லூரி, பல்கலைக்கழக விழாவென்றால் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து பேச்சாளர் எழுந்திருக்கும்போது ஐந்து ஆகியிருக்கும். அதற்காக ஐந்து மணிக்குப் போகாதீர்கள், அன்றைக்குப் பார்த்து அமைச்சர் வரவில்லை என்று சீக்கிரம் தொடங்கிவிடுவார்கள்.

உள்ளே உட்கார்ந்த பிறகு

நடுவரிசையில், நடைபாதை ஓரமாக இடம் பிடியுங்கள். முதல் வரிசை விருந்தினர்களுக்கு. கடைசி வரிசையில் வருகைப் பதிவுக்காக அனுப்பப்பட்ட மாணவர்கள் இருப்பார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் அங்கே காதில் ஒன்றும் விழாது.

ஒரு மணி நேரப் பேச்சு எல்லாம் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொதுவாக முதல் இருபது நிமிடம் எல்லோருக்கும் புரியும், அடுத்த இருபது மாணவர்களுக்கு, கடைசி இருபதில் பேச்சாளர் தன் சொந்த வேலையைச் சொல்ல ஆரம்பிப்பார், அப்போது பக்கத்துத் துறைப் பேராசிரியரே மொபைலை எடுத்துவிடுவார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பெரிய நிம்மதி. நான் முதல் இருபது நிமிடத்தைக் கவனமாகக் குறித்துக்கொள்வேன், குறிப்பாக ‘இது ஏன் இன்னும் தெரியவில்லை’ என்று அவர் சொல்கிற இடத்தை. நடுவில் தொலைந்து போனாலும் கடைசி ஸ்லைடில் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம்.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் அவர் சொன்னது, வலது பக்கம் எனக்குப் புரியாத சொல். எல்லாவற்றையும் எழுத வேண்டாம். ஸ்லைடை எல்லாம் படம் பிடித்துக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் அதைப் பிறகு திறந்து பார்த்ததாக ஒருவர்கூடச் சொன்னதில்லை.

வரைபடம் ஒன்று திரையில் வந்தால் நம் கண் நேராக வளைகோட்டுக்குப் போகும். அதைவிட்டு முதலில் அச்சுகளைப் பாருங்கள். கிடையாக என்ன, செங்குத்தாக என்ன, அலகு என்ன. செங்குத்து அச்சில் 1, 10, 100, 1000 என்று சம இடைவெளியில் போட்டிருந்தால் அது மடக்கை அளவு; ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து மடங்கு. அதில் லேசாகச் சரிந்திருக்கிற கோடு நிஜத்தில் பயங்கரமாக விழுகிற கோடு. புள்ளிகளின் மேலும் கீழும் குட்டிக் குட்டிச் செங்குத்துக் கோடுகள் இருந்தால் அது அளவீட்டின் நிச்சயமின்மை. அந்தக் கோடுகள் நீளமாக இருக்க, பேச்சாளரின் குரல் மட்டும் உறுதியாக இருந்தால், சரி, கேள்வி கேட்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

மொழி பெரும்பாலும் ஆங்கிலம்தான். தமிழில் கேட்க வேண்டும் என்றால் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் கூட்டங்களைப் பாருங்கள், சென்னைக்கு வெளியேயும் நடக்கும்.

கேள்வி நேரம்

என்னைக் கேட்டால் போனதற்குப் பலனே இதில்தான். ஆனால் இதைக் கெடுக்கிறவர்களும் நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். மைக் கைக்கு வந்ததும் ‘எனக்கு ஒரு சிறு கருத்து’ என்று தொடங்கி, நம் முன்னோர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்று ஐந்து நிமிடம் பேசுகிற பெரியவர் எல்லா அரங்கிலும் ஒருவர் உண்டு. அவராக நாம் ஆகிவிடக் கூடாது. கேள்வி இரண்டு வாக்கியம். அவ்வளவுதான்.

கேள்வியை முன்பே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், எழுதியதை அப்படியே படிப்பதில் வெட்கமில்லை. ‘அந்த மூன்றாவது படத்தில் ஒரு புள்ளி மட்டும் தனியாக நின்றதே, அது என்ன?’ என்பது அருமையான கேள்வி. ‘நீங்கள் சொன்னது தப்பு என்று நிரூபணமாக வேண்டுமானால் என்ன பார்க்க வேண்டியிருக்கும்?’ என்பது இன்னும் நல்ல கேள்வி. இதற்குப் பல தடவை பேச்சாளர் முகம் மலர்ந்துவிடும். ஆங்கிலம் வரவில்லை என்றால் தமிழில் கேளுங்கள். நெறியாளரோ பக்கத்தில் இருக்கிறவரோ மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவார். நானே இரண்டு தடவை மொழிபெயர்த்திருக்கிறேன்.

கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் முடிந்த பிறகு மேடை ஓரமாகப் போய் நில்லுங்கள். இதற்கு இந்த ஊரிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அங்கே படித்துக்கொண்டிருந்த, பிற்காலத்தில் வானியற்பியலாளரான சுப்ரமணியன் சந்திரசேகருக்கு அப்போது பதினெட்டு வயதுதான் இருக்கும். சோமர்ஃபெல்டின் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தவர், மறுநாள் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். அவரோ, ‘நீ படித்தது எல்லாம் பழசாகிவிட்டது, அதற்குப் பிறகு குவாண்டம் கோட்பாடே மாறிவிட்டது’ என்கிற மாதிரி சொல்லி, தன்னுடைய அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையின் மெய்ப்புகளைக் கொடுத்தனுப்பினார். அதை வைத்துப் படித்து எழுதிய கட்டுரை மறு வருடமே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்குதான் எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்பது, 1983இல் நோபல். நாம் போய் நின்றால் நோபல் வராது, ஒரு நல்ல பதில் வரும், இல்லையென்றால் படிக்க ஒரு புத்தகத்தின் பெயர் வரும்.

தரமணி நிறுவனம் பிறந்த கதையும் இப்படித்தான். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிச் செமினார் நடத்திக்கொண்டிருந்தார். 1960இல் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் இந்தியா வந்தபோது அந்த வீட்டுக்கு வந்து மாணவர்களோடு பேசினார், பார்த்ததை வெளியே பாராட்டியும் சொன்னார். 1962 ஜனவரி 3ஆம் தேதி நிறுவனம் தொடங்கியபோது தொடங்கிவைத்தவர் அதே சந்திரசேகர்.

இனி சிம்போசியம்

பல்துறைக் கருத்தரங்கு என்றால் இயற்பியல்காரர், தொல்லியல்காரர், மருத்துவர், கணினிக்காரர் எல்லாம் ஒரே தலைப்பைச் சுற்றி உட்காருவது. இங்கே நமக்கு ஒரு அனுகூலம்: அங்கே இருக்கும் யாருக்கும் முழுசாகப் புரியாது. பேராசிரியர்களே பக்கத்து நாற்காலியில் ‘அது என்ன’ என்று கிசுகிசுப்பதைக் கேட்கலாம்.

முன்பதிவு கட்டாயம். கட்டணம் இருக்கிறதா, பொதுமக்களுக்கு எந்த அமர்வு என்று பாருங்கள். பல இடங்களில் தொடக்கப் பேச்சும் மாலைப் பேச்சும் மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கும். நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே அச்செடுத்து, ஒவ்வொரு பேச்சின் சுருக்கத்தையும் படித்து, ஒரு நாளைக்கு மூன்று மட்டும் டிக் போடுங்கள். எட்டும் கேட்டால் மூன்று மணிக்குத் தூங்கிவிடுவீர்கள். மதிய உணவு பதிவு செய்தவர்களுக்கு. கழுத்தில் அட்டை இல்லாமல் அந்த வரிசையில் நிற்க வேண்டாம், டீக்கு யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது சொற்களை. ஒரே சொல் துறைக்குத் துறை வேறு. பிளாஸ்மா என்றால் மருத்துவருக்கு ரத்தத்தில் இருப்பது, இயற்பியல்காரருக்கு மின்னூட்டம் பெற்ற வாயு. வானியல்காரர் ‘உலோகம்’ என்றால் ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டைத் தவிர எல்லாமே உலோகம், நாம் மூச்சு விடுகிற ஆக்ஸிஜன் உட்பட. முதல் தடவை கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது.

எப்படி நடக்கும் என்பதற்குச் சிந்து எழுத்து ஆய்வைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் தரமணிக்கும் பங்கு உண்டு. ஐராவதம் மகாதேவன், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து கல்வெட்டறிஞர் ஆனவர், சிந்து முத்திரைகளில் உள்ள குறிகளை எல்லாம் தொகுத்து 417 என்று பட்டியலிட்டு 1977இல் வெளியிட்டார். 2009இல் ஒரு குழு அந்தத் தொகுப்பைக் கணினியில் போட்டு ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதியது. குழுவில் கணினி விஞ்ஞானி ராஜேஷ் ராவ், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து வானியற்பியல்காரர் மயங்க் வாஹியா, தரமணியில் இருந்த இயற்பியலாளர் ரணஜய் அதிகாரி, இவர்களோடு மகாதேவனும். அவர்கள் அளந்தது என்ட்ரோபி என்ற ஒன்றை.

பயந்துவிடாதீர்கள், தமிழில் எளிது. ‘ங்’ என்று எழுதிவிட்டால் அடுத்து வருவது க, கா, கி வகையறாதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம், ‘இங்ஙனம்’ போல ஒன்றிரண்டு தவிர. ஆனால் ‘ர’ என்று எழுதினால் அடுத்து என்ன வரும்? ஊகிக்க முடியாது. இந்த ஊகிக்க முடியாத தன்மையை எழுத்து எழுத்தாகக் கணக்கிட்டு ஒரே எண்ணாக்கினால் அதுதான் என்ட்ரோபி. கண்டபடி கொட்டிய குறிகளுக்கு அந்த எண் உச்சத்தில் இருக்கும், இதன்பின் இதுதான் என்று இறுகிப் போன வரிசைக்கு அடியில் இருக்கும். மொழிகள் நடுவில். சங்கத் தமிழையும் சுமேரியனையும் ஆங்கிலத்தையும் கூடவே வைத்துப் பார்த்தார்கள். சிந்துக் குறிகளும் அந்த நடுப்பகுதியில் வந்து உட்கார்ந்தன.

உடனே சண்டை. 2004லேயே ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் என்ற மூவர் இது எழுத்தே இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிதான் இருக்கிறது, இதில் என்ன மொழி என்பது அவர்கள் வாதம். மொழி அல்லாத குறிகளுக்கும் இதே எண் வரலாமே என்று ஸ்ப்ரோட் பிறகும் மறுத்தார். கணக்கைத் தப்பு என்று சொல்கிறாரா, கணக்கிலிருந்து எடுத்த முடிவைத் தப்பு என்கிறாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல, மேடையில் பேசுகிறவர்களே அதைச் சில சமயம் குழப்பிவிடுவார்கள். கருத்தரங்கில் நான் காது கொடுத்துக் கேட்பது இந்த இடத்தைத்தான்.

போஸ்டர் அமர்வு என்று ஒன்று இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். தாழ்வாரத்தில் வரிசையாகப் பெரிய தாள்களை ஒட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பிஎச்.டி. மாணவர் நிற்பார். பெரும்பாலும் யாரும் கேட்காமல் வாடி நிற்பார். ‘தம்பி, எனக்குத் துறை தெரியாது, இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். அரங்கத்துப் பேராசிரியர் சொல்லாததை எல்லாம் சொல்வார்: எத்தனை மாதம் கருவி ஓடவில்லை, எந்தச் சாம்பிள் கெட்டுப் போனது, முதலில் எதைத் தேடி எதைக் கண்டுபிடித்தார் என்று. ஒருவர் தவளைச் சத்தத்தைப் பதிவு செய்ய மழைக்காகக் காத்திருந்த கதையை எனக்கு அரை மணி நேரம் சொன்னார். டீ ஆறிப் போனது, நான் குடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று இரவே, மறுநாள் அல்ல, வலது பக்கத்தில் குறித்த சொற்களில் ஒன்றே ஒன்றை எடுத்துப் படியுங்கள். பேச்சாளரின் கட்டுரைகள் இயற்பியல், கணிதம் என்றால் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்; முன்னுரையும் முடிவுரையும் மட்டும் படித்தால் போதும். தவறவிட்ட பேச்சுகளுக்கு யூட்யூபில் மேட்சயன்ஸ் சேனலைப் பாருங்கள். பேச்சாளருக்கு மின்னஞ்சல் எழுதுவதானால் ஐந்து வரி, ஒரு கேள்வி. உங்களுடைய சொந்தக் கோட்பாட்டை இணைக்காதீர்கள், அவர்களுக்கு அப்படி மாதம் நாலு வருகிறது.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் கோளரங்கத்திலிருந்து தொடங்குங்கள், இருட்டில் மேலே பார்த்துக்கொண்டு படுத்த மாதிரி உட்காரலாம், அவர்களுக்குப் பிடிக்கும்.

அப்புறம் ஒன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அரங்கங்களில் ஏசியை ஐந்நூறு பேருக்கு வைத்திருப்பார்கள், வந்திருப்பது அறுபது பேராக இருக்கும். பொன்னாடை பேச்சாளருக்கு மட்டும்தான் போர்த்துவார்கள். நீங்கள் ஒரு துண்டோ சால்வையோ கையோடு எடுத்துப் போங்கள்.